காலையில் மட்டும் கேட்கும் செயின் சத்தம்: பழைய பிக்கப் விற்ற கடைக்காரரிடம் இழப்பீடு கேட்கலாமா?

கேள்வி: நாங்கள் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய வீடமைப்பில் குடியிருக்கிறோம். இரண்டு மாதங்களுக்கு முன், ஈப்போவில் பழைய வாகனங்கள் விற்கும் ஒரு கடையில், 2012ஆம் ஆண்டு டீசல் பிக்கப் ஒன்றை என் தந்தையார் பெயரில் 36,000 ரிங்கிட் ரொக்கம் கொடுத்து வாங்கினோம். மதியம் போய்ப் பார்த்தபோது இயந்திரம் ஏற்கெனவே சூடாக இருந்தது. சத்தம் எதுவும் இல்லை. வீட்டுக்குக் கொண்டுவந்த மறுநாள் காலை முதல், ஸ்டார்ட் செய்தவுடன் மூன்று நான்கு வினாடிகள் கடகடவென்று சத்தம் கேட்டு அடங்கிவிடுகிறது. எங்கள் ஊர்ப் பட்டறையில் போர்மேன், ‘டைமிங் செயின் போய்விட்டது, மாற்ற 4,800 ரிங்கிட் ஆகும்’ என்கிறார். கடைக்காரரோ, ‘பழைய டீசல் அப்படித்தான் இருக்கும், ரசீதில் வாரண்டி இல்லை என்று முத்திரை குத்தியிருக்கிறது’ என்கிறார். செயினை மாற்றிவிட்டு அந்தப் பணத்தை அவரிடம் வாங்க முடியுமா? வண்டியை வீட்டுத் தேவைக்கும், வார இறுதியில் என் மைத்துனரின் நாற்றுப் பண்ணைக்கும் பயன்படுத்துகிறோம்.

பதில்: இழப்பீடு கேட்கலாம். ஆனால் முதலில் செயினை மாற்றிவிட்டு, பிறகு ரசீதை நீட்டிப் பணம் கேட்கும் எண்ணம் இருந்தால் அதைக் கைவிடுங்கள். உங்கள் தரப்பின் முக்கியமான சாட்சி, விடியற்காலையில் சில வினாடிகள் கேட்டு மறையும் ஒரு சத்தம்தான். பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் விசாரணை நடப்பதோ பகலில், ஓர் அறைக்குள். பழைய செயின் இரும்புக் கடைக்குப் போன பிறகு, ‘அப்படி ஒரு சத்தமே இருந்ததில்லை’ என்று கடைக்காரர் சொன்னால் நீங்கள் காட்டுவதற்கு எதுவும் மிஞ்சாது.

போர்மேனின் அனுபவத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் அவர் சொன்னது முடிவு, அந்த முடிவுக்கான ஆதாரம் இன்னும் வரவில்லை. டைமிங் செயின் என்பது கிராங்க்ஷாஃப்டின் சுழற்சியை, வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்டுக்குக் கொண்டுபோகும் சங்கிலி. இந்த வகை இயந்திரங்களில் பெரும்பாலும் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் டென்ஷனர்தான் அந்தச் செயினை இறுக்கிப் பிடித்திருக்கிறது. இரவு முழுவதும் வண்டி நின்றால் எண்ணெய் கீழே வடிந்துவிடும். காலையில் அழுத்தம் மீண்டும் ஏறும் வரை தளர்ந்த செயின், தான் ஓடும் வழிகாட்டிப் பட்டைகளிலும் முன்பக்கச் செயின் மூடியிலும் மோதிச் சத்தமிடும். இதற்குக் காரணம் நீண்டுபோன செயினாகவோ தேய்ந்த டென்ஷனராகவோ பட்டையாகவோ இருக்கலாம். எண்ணெயைத் திரும்ப வடியவிடாமல் தடுக்கும் வால்வு சரியில்லாத மலிவான எண்ணெய் வடிகட்டியாகவும், எண்ணெய்க் குறைவாகவும், பொருந்தாத எண்ணெயாகவும்கூட இருக்கலாம். வடிகட்டியை மாற்றியதும் சத்தம் நின்றுவிட்டால், 4,800 ரிங்கிட் கோரிக்கை அதோடு முடிந்தது. அதை விசாரணை அறையில் எதிர்த்தரப்பின் வாயால் தெரிந்துகொள்வதைவிடப் பட்டறையிலேயே தெரிந்துகொள்வது மேல்.

ஆகவே முதல் வேலை, வீட்டு வாசலிலேயே பதிவு செய்வது. வண்டியை இரவு முழுவதும் நிறுத்திவைத்து, காலையில் எஞ்சின் மூடியைத் திறந்துவைத்து, எண்ணெய் அளவுகோலையும் மீட்டரில் கிலோமீட்டரையும் காட்டிய பிறகு, கைப்பேசிப் பதிவை இடையில் நிறுத்தாமல் ஒருவர் சாவியைத் திருப்ப வேண்டும். வெவ்வேறு நாள்களில் சில பதிவுகள் இருக்கட்டும். ‘நம் ஊரில் குளிரே கிடையாது, பிறகு எங்கிருந்து குளிர்ந்த நிலை ஸ்டார்ட் வந்தது?’ என்று கடைக்காரர் கேட்கக்கூடும். பல மணி நேரம் நின்று, இயந்திரத்தின் வெப்பம் சுற்றுப்புற வெப்பத்துக்கு இறங்கி, எண்ணெய் வடிந்துவிட்ட நிலையைத்தான் பழுது பார்ப்பவர்கள் அப்படிச் சொல்கிறார்கள். அதற்குப் பனி பெய்ய வேண்டியதில்லை.

அடுத்தது பட்டறை. இங்கே பலர் தவறுவது ஓர் எளிய விஷயத்தில்: காலையில் வண்டியை ஓட்டிக்கொண்டு பட்டறைக்குப் போனால், போய்ச் சேரும்போது இயந்திரம் சூடாகிவிடும், சத்தமும் போய்விடும். முந்தின நாள் மாலையே கொண்டுபோய்ப் பட்டறையிலேயே விட்டுவிட்டு, மறுநாள் காலை நீங்கள் வரும்வரை யாரும் ஸ்டார்ட் செய்யக் கூடாது என்று சொல்லி வையுங்கள். போர்மேன் ஒலிகேட்கும் கருவியையோ நீண்ட திருப்புளியையோ வைத்து, சத்தம் முன்பக்கச் செயின் மூடியிலிருந்துதான் வருகிறதா, இஞ்செக்டரிலிருந்தோ வேறு எங்கிருந்தோ வருகிறதா என்று பிரித்தறியட்டும். எண்ணெய் அழுத்தத்தைத் தனி மானி பொருத்தி அளக்கச் சொல்லுங்கள். ஸ்கேனரில் கேம்ஷாஃப்ட், கிராங்க்ஷாஃப்ட் நிலைகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்னும் பிழைக்குறி, உதாரணமாகப் பி-0016, பதிவாகியிருந்தால் அது வலுவான ஆதாரம். பிழைக்குறி இல்லை என்பதனால் மட்டும் செயின் நன்றாக இருக்கிறது என்றாகிவிடாது. விலகல் ஓர் அளவைத் தாண்டிய பிறகே அது பதிவாகும். இவை அனைத்தையும் தேதி, வண்டி எண், கிலோமீட்டர், பட்டறை முத்திரை, கையொப்பத்துடன் எழுத்தில் வாங்குங்கள்.

இனிச் சட்டத்துக்கு வருவோம். விற்றவர் தொழில்முறை வியாபாரி என்பதால், பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999 உங்களுக்குத் துணைநிற்கிறது. அதன் 32ஆம் பிரிவின்படி, விற்கப்படும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்கும் என்ற உத்தரவாதம், யாரும் எழுதித் தராவிட்டாலும் தானாகவே அடங்கியிருக்கிறது; மறைந்திருக்கும் குறைகள் உட்பட எல்லாம் தெரிந்த ஒரு நியாயமான பயனீட்டாளர் அந்த விலைக்கு அதை ஏற்றிருப்பாரா என்பதே அளவுகோல். விற்பதற்கு முன்பே ஒரு குறையைக் கடைக்காரர் குறிப்பாகச் சுட்டிக்காட்டியிருந்தால் அந்தக் குறைக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. உங்கள் கடிதப்படி அவர் எதையும் சுட்டிக்காட்டவில்லை. ரசீதில் உள்ள முத்திரையைப் பற்றிக் கவலை வேண்டாம். இச்சட்டத்தின் பாதுகாப்பை ஒப்பந்தத்தால் விலக்க முடியாது என்று 6ஆம் பிரிவு சொல்கிறது. அந்த முத்திரையைக் கண்டே பலர் வழக்கைத் தொடங்காமல் விட்டுவிடுகிறார்கள் என்பதுதான் அதன் உண்மையான பலம்.

நாற்றுப் பண்ணையைப் பற்றி நீங்கள் மறைக்காமல் எழுதியது நல்லது. எதிர்த்தரப்பு நிச்சயம் அதைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் 3ஆம் பிரிவு பார்ப்பது, அந்த வகைப் பொருள் சாதாரணமாகத் தனிப்பட்ட அல்லது குடும்பத் தேவைக்கு வாங்கப்படுவதா என்பதையும், நீங்கள் அதை முதன்மையாக மறுவிற்பனைக்கோ, உற்பத்தியில் பயன்படுத்தித் தீர்ப்பதற்கோ, தொழிலாக வேறு பொருள்களைப் பழுதுபார்ப்பதற்கோ வாங்கினீர்களா என்பதையும்தான். இரட்டை அறை பிக்கப்பைக் குடும்ப வண்டியாக வைத்திருக்கும் வீடுகள் உங்கள் தெருவிலேயே இருக்கும். வார இறுதியில் நாற்று ஏற்றுவதால் மட்டும் நீங்கள் பயனீட்டாளர் என்ற தகுதியை இழப்பதில்லை என்பது என் கருத்து. வண்டி முழுநேரமும் கூலிக்கு ஓடியிருந்தால் இவ்வளவு உறுதியாக எழுதியிருக்க மாட்டேன்.

சூடான இயந்திரத்தைக் காட்டி ஏமாற்றினார் என்பதையே முதல் வாதமாக வைக்காதீர்கள். தெரிந்தே ஒன்றை மறைப்பது ஒப்பந்தச் சட்டம் 1950இன் 17ஆம் பிரிவின்படி மோசடியாகலாம். ஆனால் ‘கடைக்குள் வண்டியை நகர்த்தினேன், சூடாகிவிட்டது’ என்று அவர் சொன்னால் அதை உடைப்பது கடினம். தரக்குறைவு வாதத்தில் அவருக்கு அது தெரிந்திருந்ததா என்ற கேள்வியே எழாது. அதே போல, பெயர் மாற்றத்துக்கான புஸ்பாகோம் (வாகனப் பரிசோதனை நிறுவனம்) சான்றிதழை அவர் நீட்டினால் மலைக்க வேண்டாம். அந்தச் சோதனையில் யாரும் இயந்திரத்தைப் பிரித்துப் பார்ப்பதில்லை. மாறாக, விளம்பரத்தில் ‘எஞ்சின் டிப்டாப்’ என்று போட்டிருந்தாலும், வாட்ஸ்அப்பில் கிலோமீட்டரைப் பற்றி ஏதாவது எழுதியிருந்தாலும், இன்றே திரைப்பதிவு எடுத்து வையுங்கள்.

பிறகு, கடைக்காரருக்கு எழுத்தில் அறிவிப்புக் கொடுங்கள். சரிசெய்யக்கூடிய குறையென்றால் முதலில் அவருக்கே நியாயமான கால அவகாசத்துக்குள் சரிசெய்யும் வாய்ப்பைத் தர வேண்டும் என்பதே 41ஆம் பிரிவின் ஒழுங்கு. அவர் மறுத்தாலோ, அசட்டை செய்தாலோ, செய்தும் சரியாகாவிட்டாலோ, வேறிடத்தில் பழுதுபார்த்து நியாயமான செலவைக் கேட்கலாம். வண்டியைத் திருப்பிக் கொடுக்கும் வழியும் உண்டு. சத்தத்தின் விவரம், பட்டறை அறிக்கையின் நகல், 14 நாள் அவகாசம், செயின் மூடியைத் திறக்கும் நாளும் இடமும், அவரோ அவருடைய போர்மேனோ வந்து பார்க்கலாம் என்ற அழைப்பு ஆகியவற்றை மலாய் மொழியில் ஒரே பக்கத்தில் எழுதிப் பதிவுத் தபாலிலும் வாட்ஸ்அப்பிலும் அனுப்புங்கள். அவர் வண்டியைக் கேட்டால் கொடுங்கள். ஆனால் எந்தெந்த உதிரிபாகம் மாற்றப்பட்டது என்று எழுதி வாங்குங்கள். கெட்டியான எண்ணெயை ஊற்றிச் சத்தத்தைச் சில வாரங்களுக்கு அமுக்கி அனுப்புவதும் நடக்கிற காரியம்தான்.

அவர் அசையாவிட்டால், அறிவித்த நாளில் செயின் மூடியைத் திறக்கலாம். டென்ஷனர் எவ்வளவு நீண்டு நிற்கிறது, பட்டைகளில் பள்ளம் விழுந்திருக்கிறதா, உடைந்த துண்டுகள் எண்ணெய்த் தொட்டியில் கிடக்கின்றனவா என்பதை, எதையும் கழற்றுவதற்கு முன்பே படமெடுத்துக்கொள்ளுங்கள். பழைய செயின், டென்ஷனர், பட்டைகள் மூன்றையும் பெட்டியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். இதற்கிடையில் வண்டியை வழக்கம்போல் ஓட்டாதீர்கள். தளர்ந்த செயின் பல் தாவினால் வால்வும் பிஸ்டனும் மோதி இயந்திரமே பாழாகலாம்; எச்சரிக்கை கிடைத்த பிறகும் ஓட்டியதால் வந்த நட்டத்தைக் கடைக்காரர் தலையில் கட்ட முடியாது.

அதன் பின் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் படிவம் 1ஐ நிரப்பி மனு செய்யுங்கள். கட்டணம் 5 ரிங்கிட். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும். கோரிக்கை எழுந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் மனு செய்ய வேண்டும். அங்கே எந்தத் தரப்புக்காகவும் வழக்கறிஞர் ஆஜராக முடியாது. என் தொழிலுக்கு அது நட்டம்தான். உங்களைப் போன்றவர்களுக்கு நன்மை. மன்றத்தின் தீர்ப்பை 14 நாள்களுக்குள் நிறைவேற்றாவிட்டால் அது குற்றமாகும்.

4,800 ரிங்கிட்டும் முழுதாகக் கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். 2012ஆம் ஆண்டு வண்டியில் தேய்மானம் இருப்பது இயல்பு. புதுச் செயினால் வண்டியின் ஆயுளும் கூடுகிறது. விலை, வயது, ஓடிய தூரம் ஆகியவற்றைப் பார்த்து மன்றம் ஒரு பகுதியைக் கழிக்க இடமுண்டு. சமரசத்துக்கு அவர் ஒரு தொகை சொன்னால், இதை மனத்தில் வைத்துப் பேசுங்கள்.

கடைசியாக ஒன்று: ரசீதும் வண்டியின் உரிமைப் பதிவும் உங்கள் தந்தையார் பெயரில் இருப்பதால், அறிவிப்பிலும் மனுவிலும் அவரே கையொப்பமிட வேண்டும், விசாரணைக்கும் அவரே வர வேண்டும். வண்டியைப் பார்க்கக் கூடப் போனவர், காலையில் சாவியைத் திருப்பியவர் என்ற முறையில் நீங்கள் சாட்சியாகச் செல்லுங்கள். போர்மேனால் வர முடியுமா என்பதையும் இப்போதே கேட்டு வையுங்கள்.