அம்மாவுக்கு முழங்கால் மூட்டு மாற்றச் சொல்கிறார்கள், செய்யலாமா?

கேள்வி: முக்கூடலில் இருக்கும் அம்மாவுக்கு 63 வயது, பீடி சுற்றுகிறார். எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, "சவ்வு முழுக்கத் தேஞ்சிருச்சு, ரெண்டு காலுக்கும் ஆபரேஷன் பண்ணணும்" என்கிறார்கள். எத்தனை வருஷம் உழைக்கும்? பழையபடி தரையில் உட்கார முடியுமா?

பதில்:

இரண்டாவது கேள்வியிலேயே ஆரம்பிக்கிறேன். அம்மாவின் பிழைப்பு அதில்தான் இருக்கிறது. மாற்றிய மூட்டு பெரும்பாலும் 110, 120 டிகிரி வரை மடங்கும். நாற்காலியிலிருந்து எழவும் படி ஏறவும் அது தாராளம். சம்மணம் போட, குத்தவைக்க 130க்கு மேல் வேண்டும். சிலருக்கு அந்த அளவும் கிடைக்கிறது. ஆனால் செயற்கை மூட்டின் மேல் உலோகத்துக்கும் கீழ்த் தட்டுக்கும் நடுவில் இருக்கிற பிளாஸ்டிக்கின் ஓரத்திலேயே பாரம் விழும் என்பதால் அதைத் தினசரிப் பழக்கமாக்கக் கூடாது. ஆபரேஷனுக்கு முன்பே சுளகை மேசைமேல் வைத்து, நாற்காலியில் உட்கார்ந்து பீடி சுற்றிப் பழகட்டும். கழிவறையையும் இப்போதே மாற்றுங்கள். வசதி இல்லையென்றால் பழைய கழிவறைக்கு மேலே வைக்கும் கமோடு நாற்காலி போதும்.

எத்தனை வருஷம் என்றால், 2019இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு ஆஸ்திரேலியா, பின்லாந்து நாட்டுப் பதிவேடுகளைக் கூட்டிப் பார்த்தது. 100 முழு மூட்டுகளில் 82 வரை 25 வருஷம் தாங்கியிருக்கின்றன. 63 வயதில் வைக்கிற மூட்டு ஆயுசுக்கும் வர நல்ல வாய்ப்பு உண்டு.

ஆனால் மூட்டு தாங்குவது வேறு, வலி போவது வேறு. மாற்றிக்கொண்டவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குச் சொல்லும்படியான வலி பிறகும் இருக்கிறது. எக்ஸ்ரேயில் தேய்மானம் கொஞ்சமாக இருந்தும் அவசரப்பட்டு மாற்றியவர்கள், வலி உண்மையில் இடுப்பிலிருந்தோ முதுகிலிருந்தோ இறங்கியவர்கள் இதில் உண்டு. அதனால் படம் நின்றபடி எடுத்ததா என்று முதலில் பாருங்கள். படுத்து எடுத்தால் எலும்புகளுக்கு நடுவிலுள்ள இடைவெளி உண்மையைவிட அதிகமாகத் தெரியும், தேய்மானம் மறைந்துவிடும். எலும்போடு எலும்பு உரசுகிறது, ராத்திரி வலியில் தூக்கம் இல்லை, தெருமுனை வரை நடக்க முடியவில்லை என்று மூன்றும் சேர்ந்தால் தள்ளிப் போடாதீர்கள்.

அந்த நிலை இல்லையென்றால் 12 வாரம் ஒழுங்காகப் பயிற்சி செய்துவிட்டு முடிவெடுங்கள். டென்மார்க்கில் 100 பேருக்கு இதைச் செய்து பார்த்தார்கள். முடிவு 2015இல் வெளியானது. எல்லாருக்கும் 12 வாரப் பயிற்சியும் எடைக் குறைப்பு ஆலோசனையும் கொடுத்து, பாதிப் பேருக்கு மூட்டும் மாற்றினார்கள். ஒரு வருஷத்தில் மாற்றியவர்களின் முன்னேற்றம் மற்றவர்களைவிட இரண்டு மடங்கு. அதே சமயம், பயிற்சி மட்டும் கொடுத்தவர்களில் நாலில் மூன்று பேர் அந்த வருஷம் ஆபரேஷன் பக்கமே போகவில்லை. கடுமையான சிக்கல்களும் அவர்களுக்குக் குறைவு. இரண்டையும் சேர்த்துத்தான் இந்த ஆய்வைப் படிக்க வேண்டும்.

பயிற்சி எளிது, விடாமல் செய்வதுதான் கஷ்டம். சுருட்டிய துண்டை முழங்காலுக்கு அடியில் வைத்து 5 விநாடி அழுத்தணும். காலை நீட்டியபடி ஒரு அடி தூக்கி இறக்கணும். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரணும். ஒவ்வொன்றும் 10 முறை, காலையும் மாலையும். எடையில் 1 கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடிக்கும் மூட்டில் விழும் பாரம் 4 கிலோ குறைகிறது. மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டால் சில வாரம் வலி அடங்கும். ஆனால் போட்ட 3 மாதத்துக்குள் மூட்டு மாற்றினால் கிருமித்தொற்று ஆபத்து கூடும். ரத்தத்திலிருந்து பிரித்துப் போடும் பிஆர்பி ஊசி, 2021இல் வந்த ஆஸ்திரேலிய ஆய்வில் வெறும் உப்புத் தண்ணீர் ஊசியைவிட மேலாக வேலை செய்யவில்லை. அதற்குக் காசைக் கொட்டாதீர்கள்.

ஆபரேஷன் என்று முடிவானால், சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகே தேதி வாங்குங்கள். பல் சொத்தை, சிறுநீர்த் தொற்று, பித்தவெடிப்பு, வயலில் இறங்குகிறவர் என்றால் சேற்றுப்புண், எல்லாம் ஆறியிருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்தபின் நம் ஊரில் அதிகம் நடக்கும் தப்பு, பாசத்தில் முழங்காலுக்கு அடியில் தலையணை வைப்பது. படுக்கச் சுகமாக இருக்கும், ஆனால் கால் வளைந்தே இறுகிவிடும். மடக்குவது கொஞ்சம் தாமதமாக வந்தாலும் பரவாயில்லை. முதல் 6 வாரத்தில் முழுசாக நீட்ட வராத காலைப் பிறகு நீட்ட வைப்பது பெரும்பாடு, நொண்டல் தங்கிவிடும். சுருட்டிய துண்டைக் குதிகாலுக்கு அடியில் வையுங்கள். பயிற்சிக்கு அரைமணி முன்னால் வலி மாத்திரை கொடுங்கள். இரண்டு வாரத்தில் 90 டிகிரி மடங்குவது நல்ல கணக்கு.

கெண்டைக்கால் வீங்கி வலித்தால் தைலம் போட்டு உருவக் கூடாது. ரத்தக்கட்டி இருந்தால் நகர்ந்து நுரையீரலை அடைக்கும்; அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். புண்ணில் நீர் கசிந்தால் மெடிக்கலில் கிருமிக்கொல்லி மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள். மூட்டு நீரை எடுத்துச் சோதிக்கும் முன் மாத்திரை போனால் எந்தக் கிருமி என்று கண்டுபிடிக்க முடியாமல் போகும். புண் முழுக்க ஆறி, டாக்டர் சொல்லும்வரை தாமிரபரணிக் குளியலும் வேண்டாம். தழும்புக்கு வெளிப்புறம் மரத்திருப்பதும், சில மாதம் மூட்டு சூடாக இருப்பதும் சாதாரணம்.

செலவுக்கு, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அதில் மூட்டு மாற்றமும் உண்டு. பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு பெரிய ஆஸ்பத்திரியில் முதலில் விசாரியுங்கள். தனியாரிடம் போனால் மூட்டின் விலையைப் பில்லில் தனியாகக் காட்டச் சொல்லுங்கள். 2017இல் மத்திய அரசு சாதாரண கோபால்ட் குரோமியம் மூட்டுக்கு 54,720 ரூபாய் என்று உச்சவிலை வைத்தது. இப்போதைய உச்சவிலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இரண்டு காலையும் ஒரே நாளில் செய்வது பற்றி: இதயக் கோளாறோ கட்டுப்படாத சர்க்கரையோ இருந்தால் வேண்டாம். அதிகம் வலிக்கும் காலை முதலில் மாற்றி, அதை ஊன்றி நன்றாக நடக்க வந்தபிறகு மற்றதைப் பார்க்கலாம்.