தாளிக்கக்கூட எண்ணெய் கூடாதா?

கேள்வி: பில் கிளின்டன் இறைச்சியையும் பாலையும் விட்டதற்குக் காரணமான டாக்டர்களில் ஒருவர், எண்ணெயே கூடாது என்கிறாராமே? யார் அவர்? நாமும் பின்பற்றலாமா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: கால்டுவெல் எசல்ஸ்டின். அமெரிக்காவின் கிளீவ்லண்ட் கிளினிக்கில் அறுவை சிகிச்சை நிபுணராக இருந்தவர். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் படகு வலித்துத் தங்கம் வென்ற அணியிலும் இருந்தார். அந்தப் பிடிவாதம் உணவு விஷயத்திலும் தெரிகிறது! இறைச்சி, மீன், முட்டை, பால் மட்டுமல்ல, ஆலிவ் எண்ணெய், முந்திரி, பாதாம்கூட இதய நோயாளிக்கு ஆகாது என்பார். வேகவைத்த கீரையில் கொஞ்சம் வினிகர் விட்டு, ஒரு நாளைக்கு ஆறு வேளை மென்று சாப்பிடச் சொல்வார்.

2014-ல் அவர் வெளியிட்ட கட்டுரையில் 198 நோயாளிகள். 177 பேர் இந்த உணவு முறையை விடாமல் கடைப்பிடித்தார்கள். அவர்களில் நோயின் காரணமாகப் பாதிக்கப்பட்டவர் ஒரே ஒருவர். கைவிட்ட 21 பேரில் 13 பேருக்குப் பாதிப்பு. அசத்தலான கணக்குதான். ஆனால் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிட்ட ஆய்வல்ல. விரும்பி வந்தவர்கள்தான் எல்லாரும். கொட்டைகள் விஷயத்தில் எனக்கு அவருடன் உடன்பாடில்லை. இதயத்துக்கு நல்லது என்றுதான் பல ஆய்வுகள் சொல்கின்றன.

அப்புறம், 'நாங்கள் சுத்த சைவம்' என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். நெய், தயிர், அப்பளம், மெதுவடை எதற்கும் அவரிடம் அனுமதி இல்லை. முயன்று பார்ப்பதென்றால் சரி, வைட்டமின் பி12 மாத்திரை அவசியம். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் கீரையைத் திடீரென்று கூட்டக் கூடாது. கொலஸ்ட்ரால் மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் கூடாது.