பாட்டுக்கு முன்னால் ஐந்து நிமிடப் பேச்சு

கேள்வி: கிடாரோடு நாட்டுப்பாடல்களை ஜாஸ் சாயலில் பாடுகிறேன். தாலாட்டு, காதல் பாட்டு என்றால் கைதட்டல் அள்ளுகிறது. மலக்குழியில் இறந்தவர்களைப் பற்றி நானே எழுதிய பாட்டைத் தொடங்கினால் சபை இறுகிவிடுகிறது. யாரும் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாதே என்று ஐந்து நிமிடம் விளக்கம் சொல்லிவிட்டுத்தான் பாடுகிறேன். ‘அரசியல் பாட்டை மட்டும் விட்டுடுங்க’ என்கிறார் ஒரு விழா ஏற்பாட்டாளர். விட்டுவிடலாமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோயம்புத்தூர்

பதில்: அன்புத் தோழி, பாட்டை விடாதீர்கள். அந்த ஐந்து நிமிடப் பேச்சை விட்டுவிடுங்கள்.

அமெரிக்கக் கறுப்பினப் பாடகி நீனா சிமோனைக் கேட்டிருப்பீர்கள். ஜாஸ் பாடகி என்று தனக்கு முத்திரை குத்துவது அவருக்குப் பிடிக்காது. பெயர் வைத்தே தீரவேண்டும் என்றால் நாட்டுப்பாடகி என்பதே பொருத்தம் என்று சுயசரிதையில் எழுதியிருக்கிறார். 1963 செப்டம்பரில் அலபாமாவின் பர்மிங்ஹாமில் கறுப்பின மக்களின் தேவாலயத்தில் குண்டு வெடித்து நான்கு சிறுமிகள் இறந்தார்கள். செய்தி கேட்ட ஆத்திரத்தில், வீட்டில் கிடந்த சாமான்களைக் கொண்டு துப்பாக்கி செய்ய உட்கார்ந்துவிட்டார் நீனா. ‘உனக்குத் தெரிந்தது இசைதானே’ என்று கணவர் தடுத்தார். ஒரு மணி நேரத்தில் ‘மிஸிஸிப்பி காட்டாம்’ (Mississippi Goddam; அமெரிக்க மாநிலமான மிஸிஸிப்பியைச் சபிக்கும் தலைப்பு) என்ற பாட்டு பிறந்தது.

1964 மார்ச்சில் நியூயார்க் கார்னகி ஹாலில் அதைப் பாடிய ஒலிப்பதிவு இருக்கிறது. இன்றிரவே கேளுங்கள். கூட்டத்தில் பெரும்பாலோர் வெள்ளையர்கள். மேடை நாடகப் பாட்டுப்போலத் துள்ளுகிற தாளம். ‘இது ஒரு நாடகப் பாட்டு, நாடகத்தைத்தான் இன்னும் யாரும் எழுதவில்லை’ என்று ஒரே வரி சொல்கிறார். சபை சிரிக்கிறது. பாதிப் பாட்டில், ‘விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்தீர்கள், இல்லையா?’ என்று கேட்கிறார். அதற்குப் பிறகு அந்தச் சிரிப்பு எங்கே போனது என்று கவனியுங்கள்! சம உரிமை கேட்ட கறுப்பினத்தவரைப் பார்த்து ‘பொறுங்கள், மெல்ல மெல்ல’ என்று சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. பாட்டிலும் வாத்தியக்காரர்கள் ‘மெதுவாக’ என்று குரல் கொடுக்கிறார்கள். தாளமோ நிற்காமல் ஓடுகிறது. வாதம் முழுவதும் அந்த முரணுக்குள் இருக்கிறது. இதற்குமேல் விளக்கம் எதற்கு?

உங்கள் விளக்கம் என்ன செய்கிறது தெரியுமா? ‘இப்போது கசப்பு மருந்து வரப்போகிறது’ என்று முன்கூட்டியே எச்சரிக்கிறது. சபை வாயை மூடிக்கொள்கிறது. இறுக்கம் உங்கள் பாட்டால் வருவதில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

விலை இருக்கும் என்பதையும் மறைக்கமாட்டேன். தென் கரோலினாவிலிருந்து ஒரு வியாபாரி, நீனாவின் இசைத்தட்டுகளை ஒவ்வொன்றாக இரண்டாய் உடைத்துப் பெட்டியில் திருப்பி அனுப்பினார். உங்களுக்கும் சில மேடைகள் போகலாம். வருமானத்துக்கு அந்த விழா அவசியம் என்றால் இந்த ஒருமுறை அந்தப் பாட்டில்லாமல் பாடிவிட்டு வாருங்கள். அதற்காக உங்களை நான் குறைத்து எண்ணமாட்டேன். ஆனால் பாட்டை வீட்டில் பூட்டி வைக்காதீர்கள்.

உங்கள் சொந்தக் கச்சேரியில் இப்படிச் செய்து பாருங்கள். தாலாட்டை முடித்ததும் கைதட்டலுக்கு இடம் விடாமல் கிடாரில் அதே கார்டை (chord, சேர்ந்தொலிக்கும் சுரங்கள்) பிடித்துக்கொண்டே இருங்கள். இறந்தவரும் ஒரு தாய் தாலாட்டிய பிள்ளைதானே. பேசாமல் அங்கிருந்தே உங்கள் பாட்டின் முதல் வரிக்குள் இறங்குங்கள். எப்படிப் போனது என்று எனக்கு எழுதுங்கள்.