வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்களுக்கு அரசே வக்கீல் வைத்துத் தருமா? அவர் ஒழுங்காக வாதாடுவாரா?

கேள்வி கேட்டவர் அம்மாவுக்காகக் கேட்டிருக்கிறார். அப்பா வீட்டை விட்டுப் போய் இரண்டு வருடம், ஜீவனாம்சம் கேட்க வேண்டும், கையில் காசில்லை, இலவச வக்கீல் ஒப்புக்கு வந்து நிற்பார் என்று ஊரில் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறார்.

தரும். எங்கள் சின்னம்மாவுக்குத் தந்தார்கள். நான் வக்கீல் இல்லை, கூடவே அலைந்தவன். அந்த அலைச்சலில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

சின்னம்மா பாம்பன் பக்கம். தீவுகளை ஒட்டிக் கடலுக்குள் மூழ்கி மரிக்கொழுந்துப் பாசி எடுப்பதுதான் தொழில். நீரோட்டமும் நிலவும் பார்த்து மாதத்தில் பன்னிரண்டு நாள் போனால் அதிகம். பாறை கிழிக்காமல் இருக்க விரல்களில் துணி சுற்றிக்கொண்டு இறங்குவார்கள், அப்படியும் கிழிக்கும். சித்தப்பா வேறு ஊரில் வேறு குடும்பம் வைத்துக்கொண்டார். ஊரில் இரண்டு முறை பேசிப் பார்த்தார்கள், சரி சரி என்று தலையாட்டினாரே தவிர ஒரு பைசா அனுப்பவில்லை. அப்புறம் சின்னம்மா தோட்டை அடகு வைத்து 5,000 ரூபாய் புரட்டி ஒரு வக்கீலிடம் கொடுத்தார். எட்டு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் மனுவே தாக்கல் ஆகவில்லை. தோடு வட்டியில் மூழ்கிப் போனது.

மகளிர் குழுவில் ஒரு அக்கா சொல்லித்தான், இலவச வக்கீல் வைத்துத் தரும் சட்டப்பணிகள் ஆணைக்குழு என்ற அரசு அமைப்பு பற்றியே எங்களுக்குத் தெரியும். மாவட்ட அளவில் ராமநாதபுரம் கோர்ட் வளாகத்தில் இருக்கிறது. மாவட்ட நீதிபதிதான் அதற்குத் தலைவர். தாலுகா அளவில் வட்ட சட்டப்பணிகள் குழு உண்டு. 15100 என்ற எண்ணுக்கு போன் செய்தும் கேட்கலாம்.

கிளம்பும் அன்று காலை சின்னம்மா என்னிடம், "தம்பி, வருமானச் சான்று இல்லையே, விரட்டி விட்டுருவாங்களோ?" என்றார். உங்கள் அம்மாவுக்கும் இந்தப் பயம் இருக்கலாம், அதனால் அழுத்திச் சொல்கிறேன். 1987 சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12வது பிரிவு, யார் யாருக்கு இலவச வக்கீல் என்று வரிசையாகச் சொல்கிறது. அதில் பெண் என்பதே ஒரு தகுதி. வருமானம் எவ்வளவு என்ற கேள்வியே பெண்களுக்குக் கிடையாது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், பதினெட்டு வயது ஆகாதவர்கள், ஆலைத் தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள், புயல் வெள்ளம் போன்ற பேரிடரில் பாதிக்கப்பட்டவர்கள் எல்லோருக்கும் அப்படியே. இதில் எதிலும் வராத ஆணுக்குத்தான் வருமான வரம்பு பார்ப்பார்கள். அவரும் பிரமாணப் பத்திரம் எழுதிக் கொடுத்தால் போதும், சந்தேகப்பட ஒரு காரணம் இருந்தாலொழிய அதையே ஏற்றுக்கொள்ள வேண்டும்.

எழுதப் படிக்கத் தெரியாதவர் சொல்லச் சொல்ல அங்கேயே விண்ணப்பத்தை எழுதிக்கொள்வார்கள். சின்னம்மாவுக்கு ஒரு தன்னார்வலர் தங்கச்சி எழுதினாள். கடைசியில் பெருவிரல் ரேகை வைக்க வேண்டும். ஸ்டாம்ப் பேடில் அழுத்தித் தாளில் வைத்தால் வெறும் நீலத் திட்டுதான் விழுந்தது, ஒரு கோடுகூட இல்லை. பாசி பிடுங்கிப் பிடுங்கி விரல் நுனி வழவழவென்று ஆகிவிட்டது. ரேஷன் கடை மிஷினும் அவர் விரலை எடுக்காது. சின்னம்மா கூசிப்போய்க் கையை முந்தானையில் மறைத்துக்கொண்டார். அந்தப் பெண் எதுவும் பேசாமல் இடது கையைப் பிடித்துத் துடைத்து, மெதுவாக உருட்டி, மூன்றாவது தடவை ரேகை விழ வைத்தாள். "ஒண்ணும் அவசரமில்லம்மா" என்றாள். சின்னம்மாவிடம் ஒரு அலுவலகத்தில் யாரும் அப்படிப் பேசி நான் பார்த்ததே இல்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சின்னம்மா, "தர்மத்துக்குக் கிடைக்கிற வக்கீல்தானே, நாம என்னத்தக் கேட்டுக்கிறது" என்றார். எனக்கு இதுதான் தாங்க முடியவில்லை. இதைத் தர்மமாக யாரும் போடவில்லை. 1976இல் அரசியலமைப்பில் 39ஏ என்ற உறுப்பைச் சேர்த்து, பணமில்லை என்பதற்காக ஒருவருக்கு நீதி மறுக்கப்படக் கூடாது, அதைப் பார்த்துக்கொள்வது அரசின் பொறுப்பு என்று எழுதியிருக்கிறார்கள். வக்கீல் ஃபீஸ் மட்டுமில்லை, கோர்ட் கட்டணம், டைப்பிங், நகல் எடுக்கும் செலவும் அதில் அடங்கும். நியமிக்கப்பட்ட வக்கீல் கட்சிக்காரரிடம் கை நீட்டவே கூடாது. நீட்டினால் ஆணைக்குழுவில் எழுதிக் கொடுங்கள்.

சரி, ஒழுங்காக வாதாடுவாரா என்ற கேள்விக்கு வருகிறேன். முதலில் வந்தவர் இரண்டு வாய்தாவுக்கு வரவில்லை. ஒவ்வொரு வாய்தாவும் சின்னம்மாவுக்கு ஒரு பாசி நாள், அன்றைய கூலி போச்சு. நான் ஒரு தாளில் தேதிகளைக் குறித்து, வேறு வக்கீல் வேண்டும் என்று செயலாளரிடம் மனு கொடுத்தேன். மாற்றித் தந்தார்கள். இரண்டாவதாக வந்த பெண் வக்கீல் வழக்குக் கட்டை முழுக்கப் படித்துவிட்டு, சித்தப்பாவுக்குப் படகில் பங்கு உண்டா, மீன் கணக்குச் சீட்டு இருக்கிறதா என்று கேட்டார். எங்களுக்கே தோன்றாத கேள்வி அது. வியாபாரியிடம் இருந்த பழைய கணக்குச் சீட்டுதான் கடைசியில் அவருடைய வருமானத்தைக் காட்டியது. மாதம் 4,000 ரூபாய் என்று உத்தரவானது. இந்த வக்கீல்களுக்கு அரசு கொடுக்கும் தொகை மிகக் குறைவு. நன்றாக உழைப்பவரைத் தக்கவைத்துக்கொள்ள வேண்டுமென்றால் அதை உயர்த்தியே ஆக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

எங்கள் ஜீவனாம்ச வழக்கு பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125வது பிரிவில் போட்டது. 2024 ஜூலை 1 முதல் அது அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டத்தில் (பிஎன்எஸ்எஸ்) 144வது பிரிவு. அம்மா இப்போது இருக்கும் ஊரிலேயே மனு போடலாம், அப்பா இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம்.

லோக் அதாலத்துக்கு, அதாவது இரு தரப்பையும் பேசி சமரசம் செய்து வைக்கும் மக்கள் நீதிமன்றத்துக்கு, அனுப்பினால் ஒன்றைக் கவனியுங்கள். அங்கே சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால் அது கோர்ட் தீர்ப்புக்குச் சமம், அப்பீல் கிடையாது. தொகை கட்டுப்படியாகாது என்றால் மாட்டேன் என்று சொல்லலாம், வழக்கு பழையபடி கோர்ட்டுக்கே திரும்பும்.

இந்தக் கரையில் இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் கொஞ்சம். வீட்டில் யாரையாவது கைது செய்தால், மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தும்போதே அரசு செலவில் ஒரு வக்கீல் வைத்துத் தர வேண்டும் என்று கேளுங்கள். கேட்காவிட்டாலும் அந்த உரிமையை எடுத்துச் சொல்ல வேண்டியது மாஜிஸ்திரேட்டின் கடமை என்று உச்ச நீதிமன்றம் 1981இலேயே சொல்லிவிட்டது. கேட்கவில்லை என்ற காரணத்தால் உரிமை போகாது என்று 1986இல் இன்னொரு தீர்ப்பு. ஏர்வாடி தர்கா பக்கத்து மனநலக் காப்பகத்தில் 2001 ஆகஸ்டில் சங்கிலியோடு எரிந்துபோன மனநோயாளிகள் 28 பேரை நாம் மறக்கவில்லை. அவர்களுக்காகப் பேச அன்று ஒரு வக்கீல் இல்லை. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோய் உள்ளவர்களுக்கும் இலவச சட்ட உதவியை உரிமையாகத் தந்திருக்கிறது. தர்காவுக்கு உறவினரைக் கூட்டி வருபவர்கள் இதைத் தெரிந்துவைத்துக்கொண்டால் நல்லது.

அம்மா போகும்போது ஆதார், கல்யாணப் பத்திரிகையோ போட்டோவோ, பிள்ளைகளின் பிறப்புச் சான்று, அப்பா வேலை பார்க்கும் இடம் பற்றித் தெரிந்ததெல்லாம் எடுத்துப் போகட்டும். எதுவும் இல்லை என்றாலும் போகட்டும், தேவையானதை அங்கே சொல்வார்கள். நகையை மட்டும் தயவுசெய்து அடகு வைக்க வேண்டாம்.

போன வாரம் சின்னம்மா பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு வந்தார். இதே கதைதான், கையில் ஒரு குழந்தை. பாலித்தீன் பையில் சுற்றிய ஆதாரை அவளிடமிருந்து வாங்கிப் பார்த்துவிட்டு, "வர்ற திங்கக்கிழமை போவோம் தம்பி, அன்னைக்கு எங்களுக்குப் பாசி இல்ல" என்றார் சின்னம்மா. மூன்று பேரும் போகிறோம்.