கணக்கில் நன்றாகப் படிக்கும் பெண்கள்கூட ஏன் கணிதம் சார்ந்த வேலைகளுக்குக் குறைவாக வருகிறார்கள்?

திறமை போதவில்லை என்பது எடுபடாத பதில். பள்ளிக் கணக்கில் ஆண், பெண் சராசரி வித்தியாசம் மிகச் சிறியது. எனக்குப் படும் முக்கியக் காரணம் வேறு பக்கம் இருக்கிறது: மொழித்திறன். 15 வயதினருக்கு நடக்கும் பீசா தேர்வில் ஏறக்குறைய எல்லா நாட்டிலும் வாசிப்பில் பெண்களே முன்னால் நிற்கிறார்கள். ஒரு பெண் கணக்கில் 90, மொழியில் 97 என்று வைத்துக்கொள்வோம். பக்கத்து பெஞ்ச் பையன் கணக்கில் அதே 90, மொழியில் 65. அவன் யோசிக்காமல் பொறியியல் பக்கம் போவான். அவளுக்குச் சட்டம், மருத்துவம், எழுத்து எல்லாமே கைக்கெட்டும். வாங், எக்கிள்ஸ், கென்னி 2013இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்விலும், இரண்டிலும் கெட்டிக்காரர்கள் அறிவியல், தொழில்நுட்ப வேலைகளுக்குக் குறைவாகவே போனார்கள். அந்தக் கூட்டத்தில் பெண்கள் அதிகம்.

சரி, எல்லாம் சொந்த விருப்பம்தானா? அப்படியும் இல்லை. மதிப்பெண் ஒன்றாக இருந்தாலும் பையன்கள் தங்கள் கணக்குத் திறமையைக் கூடுதலாக மதிப்பிடுவதை சமூகவியல் ஆய்வாளர் ஷெல்லி கோரல் 2001இல் காட்டினார். அப்புறம் வயது. ஆராய்ச்சித் துறையில் நிரந்தர வேலைக்காக ஓட வேண்டிய காலமும் குழந்தை பெறும் காலமும் ஒன்றாக வந்து தொலைக்கின்றன. கணிதத்தின் மிக உயரிய விருதுகளில் ஒன்றான ஃபீல்ட்ஸ் பதக்கமே 40 வயதைத் தாண்டாதவர்களுக்குத்தான். 1936இல் தொடங்கிய அது முதன்முதலாக ஒரு பெண்ணுக்கு, மரியம் மிர்சாகானிக்கு, கிடைத்தது 2014இல்.