குதிரைக்குப் பெயர் இருக்கிறது, பையனுக்கு?

கேள்வி: எனக்கு வயது 44. நண்பர்கள் ஐந்து பேர் ஒன்பது வருடமாகச் சனிக்கிழமைதோறும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறோம்; ஆளுக்கொரு கதாபாத்திரத்தை வளர்த்து, பகடை உருட்டி ஆடும் கற்பனைச் சாகச விளையாட்டு அது. என் போர்வீரன் வச்சிரவேலன் உச்சமான 20-ஆம் லெவலைத் தொட்டு இரண்டு வருடமாகிறது. அவனையும் அவன் குதிரை கார்முகிலையும் அறியாத ஆள் எங்கள் வட்டத்தில் இல்லை. இப்போது ஆட்டத்தை நடத்தும் நண்பர், "உன் வீரனுக்கு ஓய்வு கொடு" என்கிறார். பார்த்துப் பார்த்து வளர்த்தவனை ஏன் அனுப்ப வேண்டும்? போன வருடம் என் 15 வயது மகனும் சேர்ந்துவிட்டான். எனக்குத் தீவட்டி பிடிக்கும் ஆளாக வருகிறான். எல்லாரும் ரசிக்கும் ஆட்டத்தைக் கெடுக்கலாமா?
- கோவை வாசகர்

பதில்: வீரனின் பெயரை எழுதியிருக்கிறீர்கள். அவன் குதிரையின் பெயரையும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மகன் ஆடும் ஆளுக்குப் பெயரே இல்லை. "தீவட்டி பிடிக்கும் ஆள்" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். நான் அந்த இடத்தைத் தாண்டவில்லை.

ஒரு வருடமாக அந்தப் பையன் சனிக்கிழமை சாயங்காலம் அப்பாவின் வீரனுக்கு வெளிச்சம் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அவன் ரசிக்கிறான் என்று யார் சொன்னது? கேட்டீர்களா?

வேறு எதுவும் செய்ய அவனால் முடியாது. 20-ஆம் லெவலுக்கு ஈடான எதிரியைத்தானே உங்கள் நண்பர் இறக்க வேண்டியிருக்கிறது? 2014-இல் வந்த விதிகளின்படி, மிக மூத்த சிவப்பு டிராகன் ஒருமுறை நெருப்பை ஊதினால் 26 பகடை; சராசரி சேதம் 91. முதல் லெவல் ஆளிடம் பத்துப் பன்னிரண்டு ஹிட் பாயிண்ட், அதாவது உயிர்ப் புள்ளி, இருக்கும். விலகிப் பாய்ந்து பாதிச் சேதம் வாங்கினாலும் சாவுதான். அதனால் அவன் தூணுக்குப் பின்னால் நிற்கிறான். நீங்கள் ஒரே சுற்றில் நான்கு வெட்டு வெட்டி முடிக்கிறீர்கள். அவன் முறை வருகிறது. என்ன சொல்வான்? "தீவட்டியைத் தூக்கிப் பிடிக்கிறேன்."

கல்லாவை விடாத அப்பா, பீரோ சாவியைத் தராத மாமியார் என்று எனக்கு வாராவாரம் கடிதம் வருகிறது. உங்களுடையதும் அதே கடிதம்தான். பிள்ளை தலையெடுக்கும்போது இடம் விட்டு நகர்வது பெரியவர்களின் கடமை. விளையாட்டிலும் அப்படித்தான்.

வீரனுக்குக் காலவரை வேண்டும். கிரெக் ஸ்டாஃபோர்டு என்ற ஆட்ட வடிவமைப்பாளர் 1985-இல் பென்டிராகன் என்ற இதே மாதிரி ஆட்டத்தை இப்படித்தான் கட்டினார். ஆர்தர் மன்னர் காலத்து வீரர்கள். ஒரு சாகசம் முடிந்தால் பெரும்பாலும் ஒரு வருடம் ஓடிவிடும். குளிர்காலத்தில் வீடு திரும்பினால் கல்யாணத்துக்கும் பிள்ளைக்கும் பகடை, 35 வயதானால் மூப்புக்கும் பகடை. உடல் பலம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழியும். அவன் போனபின் அவன் மகனை ஆடுவீர்கள். அப்பன் சேர்த்த புகழில் பத்தில் ஒரு பங்கு மகனுக்கு. மீதியை அவனே சம்பாதிக்க வேண்டும். இதைவிட நியாயமான பாகப்பிரிவினையை நான் கேள்விப்பட்டதில்லை.

அர்ஜுனன் கதை உங்களுக்குத் தெரியாததா? கண்ணன் மறைந்தபின் துவாரகைப் பெண்களை அழைத்து வந்தான். வழியில் தடியோடு வந்த கொள்ளையர் மறித்தார்கள். காண்டீவத்தில் நாணேற்றவே திணறினான்; அஸ்திரங்கள் நினைவுக்கு வரவில்லை. வந்த காரியம் முடிந்தது, நீங்களும் புறப்படும் காலம் இது என்றார் வியாசர். பேரன் பரீட்சித்தை அரியணையில் அமர்த்திவிட்டுத்தான் பாண்டவர்கள் நடந்தார்கள். போகாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தால் பரீட்சித்தும் தீவட்டிதான் பிடித்திருப்பான்.

நண்பரிடம் பேசி ஒரு சனிக்கிழமையை வச்சிரவேலனுக்கென்றே ஒதுக்குங்கள். பெரிய காரியம் ஒன்றை முடித்துவிட்டு, எல்லார் கண்முன்னும் விடைபெறட்டும். வாளை மட்டும் மகனுக்குத் தந்துவிடாதீர்கள். தந்தால் அவன் வெட்டுவதெல்லாம் உங்கள் கணக்கில் சேரும். அடுத்த வாரம் நீங்களும் முதல் லெவலில் புது ஆளை எழுதிக்கொண்டு அவன் பக்கத்தில் உட்காருங்கள்.

அதற்கு முன், தம்பி, இன்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அவன் ஆடும் ஆளின் விவரம் எழுதிய கேரக்டர் ஷீட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். மேலே, பெயருக்கான இடத்தில் ஏதோ எழுதி வைத்திருப்பான். அதை எனக்கு எழுதி அனுப்புங்கள்.