உள்ளாடையில் தெரியும் ஈரம்: வெள்ளைப்படுதல் பற்றிய கேள்வி பதில்

மகளிர் நலப் பிரிவில் செவிலியராக 20 வருடங்களுக்கு மேல் வேலை பார்த்திருக்கிறேன். டாக்டரிடம் போவதற்கு முன் பெண்கள் பேசுவது எங்களிடம்தான். இடுப்பு வலி, தலைவலி என்று தொடங்குவார்கள். எழுந்து போகிற நேரத்தில் குரலைத் தாழ்த்தி, "அப்புறம்... எனக்கு வெள்ளை படுது" என்பார்கள். வந்த காரணமே அதுதான் என்று அப்போதுதான் புரியும். கேள்வி அனுப்பிய உங்களில் பலரும் "கேட்கவே கூச்சமாக இருக்கிறது" என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். என்னிடம் கூச்சம் வேண்டாம். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எனக்கு 23 வயது. தினமும் உள்ளாடையில் கொஞ்சம் ஈரம் படுகிறது. காய்ந்தால் இளமஞ்சளாகத் தெரிகிறது. அரிப்பு, வலி எதுவும் இல்லை. இது நோயா அக்கா?

இல்லைம்மா. வயதுக்கு வந்த எல்லாப் பெண்களுக்கும் இது உண்டு. கர்ப்பப்பை வாயில் சுரக்கும் சளி, யோனிச் சுவரிலிருந்து கசியும் நீர், உதிரும் பழைய செல்கள் மூன்றும் கலந்து வெளியே வருவதுதான் வெள்ளைப்படுதல். ஒரு நாளைக்கு 1 முதல் 4 மில்லி வரை வரலாம். ஒரு டீஸ்பூன் 5 மில்லி என்று வைத்துக்கொண்டால் அளவு புரியும்.

உள்ளே லாக்டோபேசிலஸ் என்ற நல்ல பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. அவை லாக்டிக் அமிலத்தைச் சுரந்து, அந்த இடத்தின் பி.எச். அளவை (புளிப்பு எவ்வளவு என்று காட்டும் எண், குறைந்தால் புளிப்பு அதிகம்) 3.8க்கும் 4.5க்கும் இடையில் வைத்திருக்கின்றன. அந்தப் புளிப்பில் கெட்ட கிருமிகள் எளிதில் வளர முடியாது. கறுப்பு, கருநீல உள்ளாடைகளில் நடுப்பகுதி மட்டும் சாயம் வெளுத்துப்போவதைக் கவனித்திருப்பீர்கள். அது இந்த அமிலத்தின் வேலைதான். மட்டமான துணியும் இல்லை, நோயும் இல்லை.

மாதம் முழுக்க இது ஒரே மாதிரி இருக்காது. பீரியட்ஸ் முடிந்த சில நாட்கள் குறைவாக இருக்கும். கருமுட்டை வெளிவரும் நாட்களில் முட்டையின் வெள்ளைக்கரு போல வழுவழுவென்று, இரண்டு விரலுக்கு நடுவில் இழுத்தால் நூலாக நீளும். அதற்குப் பிறகு கெட்டியாகி, வெண்மையாகி, அளவும் குறையும். இரண்டு மூன்று மாதம் கவனித்தால் உங்களுக்கு வழக்கமானது எது என்று பிடிபட்டுவிடும். அதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நிறமோ வாடையோ மாறினால் முதலில் கண்டுபிடிக்கப் போவது நீங்கள்தான்.

வெள்ளைப்பட்டால் உடம்பின் சத்தெல்லாம் போய்விடும், எலும்பே உருகிவிடும் என்கிறார்கள். நானும் மெலிந்து, எப்போதும் அசதியாகத்தான் இருக்கிறேன்.

எலும்பு உருகி வருவதல்ல அது. பெரும்பகுதி வெறும் தண்ணீர். அதனால் யாரும் மெலிந்து போவதில்லை.

ஆனால் உங்கள் அசதி உண்மை. அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. வெள்ளைப்படுதல்தான் காரணம் என்று வருடக்கணக்கில் நினைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு ரத்தப் பரிசோதனை செய்தால் ஹீமோகுளோபின் மிகக் குறைவாக இருந்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன். சிலருக்குத் தைராய்டு, சிலருக்கு சுகர், சிலருக்கு மனச்சோர்வு. பழியை வெள்ளைப்படுதல் மேல் போட்டுவிட்டதால் உண்மையான காரணத்தை யாரும் தேடவில்லை. எடை குறைவதையும் அசதியையும் மட்டும் சொல்லி ஒரு டாக்டரைப் பாருங்கள். பீரியட்ஸில் ரத்தம் அதிகம் போகிறதா என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

மகளுக்கு 11 வயது. இன்னும் பெரியவளாகவில்லை. சில மாதமாக உள்ளாடையில் வெள்ளையாகப் படுகிறது. பயமாக இருக்கிறது.

முதல் மாதவிடாய்க்கு ஆறு மாதம், ஒரு வருடம் முன்னாலேயே இது தொடங்கிவிடும். அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, பீரியட்ஸ் பற்றிப் பேச இதுதான் நல்ல நேரம்.

ஆனால் நாற்றம், பச்சை அல்லது அடர் மஞ்சள் நிறம், ரத்தம் எது தெரிந்தாலும் டாக்டரிடம் காட்டுங்கள். பருவ வயதுக்கு வெகு முன்பே, சின்னக் குழந்தைக்கு இப்படி வந்தாலும் காட்ட வேண்டும். டிஷ்யூ துணுக்கு போன்ற ஏதாவது உள்ளே மாட்டிக்கொண்டு நாற்றம் எடுப்பதுண்டு. இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது: யாராவது குழந்தையிடம் தவறாக நடந்திருக்கலாம். அதட்டாமல், பயமுறுத்தாமல் கேளுங்கள். குழந்தை சொன்னால் நம்புங்கள்.

தாங்க முடியாத அரிப்பு. திரிந்த பால் போலக் கட்டிகட்டியாக வருகிறது, வாடை இல்லை. போன முறை மருந்துக் கடையில் கேட்டு ஒரு மாத்திரை போட்டேன், சரியானது. இப்போது மறுபடியும். அதையே போடலாமா?

நீங்கள் சொல்வது பூஞ்சைத் தொற்று போலத்தான் இருக்கிறது. கேண்டிடா என்ற பூஞ்சை பலருக்கு உள்ளேயே சும்மா இருக்கும், இடம் கிடைக்கும்போது பெருகும். நான்கு பெண்களில் மூன்று பேருக்காவது வாழ்நாளில் ஒருமுறை வருவதுதான். ஆன்டிபயாடிக் சாப்பிட்ட பிறகு வரும், சுகர் கட்டுப்பாட்டில் இல்லாதபோது வரும், கர்ப்ப காலத்தில் வரும்.

ஆனாலும் அதே மாத்திரையை வாங்காதீர்கள் என்றுதான் சொல்வேன். பூஞ்சைதான் என்று தாங்களே முடிவுசெய்து மருந்து வாங்கிய பெண்களைப் பரிசோதித்துப் பார்த்த ஓர் ஆய்வில், மூன்றில் ஒரு பங்கினருக்குத்தான் உண்மையிலேயே பூஞ்சை மட்டும் இருந்தது. மற்றவர்களுக்கு வேறு தொற்று, அல்லது கலந்த தொற்று, சிலருக்கு ஒன்றுமே இல்லை. சோப்பும் வாசனை பேடும் ஒத்துக்கொள்ளாத அலர்ஜிகூட இதே மாதிரி அரிக்கும். அதற்குப் பூஞ்சை மாத்திரை என்ன செய்யும்?

ஒருமுறை பஞ்சுக் குச்சியால் தொட்டெடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பூஞ்சை உறுதியானால் ஃப்ளூகோனசோல் 150 மில்லிகிராம் ஒரே மாத்திரையோ, உள்ளே வைக்கும் க்ளோட்ரிமசோல் மாத்திரையோ கொடுப்பார்கள். வருடத்தில் மூன்று முறைக்கு மேல் வந்தால் கதை வேறு. சுகர் பார்க்க வேண்டும், எந்த வகைப் பூஞ்சை என்று லேபில் வளர்த்துப் பார்க்க (கல்ச்சர்) வேண்டும், சிகிச்சையும் மாதக்கணக்கில் நீளும். கணவருக்கு அரிப்போ தடிப்போ இல்லையென்றால் அவருக்கு மருந்து தேவையில்லை.

கணவரோடு சேர்ந்த பிறகு மீன் கவுச்சி போல வாடை வருகிறது. சாம்பல் கலந்த வெள்ளையில், தண்ணியாக இருக்கிறது. அரிப்பு இல்லை. நான் சுத்தமாக இல்லை என்கிறார். மனசு வலிக்கிறது.

சுத்தக் குறைவு இல்லைம்மா. இந்தப் பதிலை அவரிடமும் காட்டுங்கள்.

நீங்கள் சொல்லும் அடையாளங்கள் பாக்டீரியல் வஜினோசிஸ் என்ற பிரச்சினையோடு பொருந்துகின்றன. நல்ல பாக்டீரியாக்கள் குறைந்து, வேறு பாக்டீரியாக்கள் பெருகி, அமிலத்தன்மை குறைந்துபோகும். விந்து காரத்தன்மை உள்ளது. அது பட்டவுடன் அந்தப் பாக்டீரியாக்கள் உண்டாக்கிய அமீன்கள் என்ற வேதிப்பொருட்கள் ஆவியாகி வாடையாக எழும்பும். அதனால்தான் உறவுக்குப் பிறகு வாடை தூக்கலாகத் தெரிகிறது.

லேபில் இதைப் பார்ப்பது எனக்கு எப்போதும் பிடித்த விஷயம். கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு உப்புநீர்விட்டு மைக்ரோஸ்கோப்பில் வைத்தால், ஆரோக்கியமான செல் தெளிவான ஓரத்தோடு, பொரித்த முட்டை மாதிரி தட்டையாகக் கிடக்கும். இந்தப் பிரச்சினை உள்ளவர்களின் செல் மேல் மிளகுத்தூளைக் கொட்டியது போலப் பாக்டீரியா அப்பியிருக்கும், ஓரமே தெரியாது. நோயைத் துப்பறிய உதவுவதால் "க்ளூ செல்" என்று அதற்குப் பெயர் வைத்தது சரிதான்.

மெட்ரோனிடசோல் மாத்திரை பொதுவாக 7 நாள் எழுதுவார்கள். வாடை மூன்றாம் நாளே போய்விடும், ஆனாலும் நடுவில் நிறுத்தாதீர்கள். சரியான பிறகும் சில மாதத்தில் திரும்ப வரும் குணம் இதற்கு உண்டு. மனம் உடைய வேண்டாம். கணவருக்கும் சேர்த்து மருந்து கொடுத்தால் திரும்ப வருவது குறைகிறது என்று ஆஸ்திரேலியாவில் செய்த ஓர் ஆய்வு 2025இல் வெளியானது. அதில் பெண்ணுக்கு மட்டும் மருந்து கொடுத்த ஜோடிகளில் 63 சதவீதம் பேருக்கு மூன்று மாதத்துக்குள் திரும்ப வந்தது, இருவருக்கும் கொடுத்தவர்களில் 35 சதவீதம். திரும்பத் திரும்ப வந்தால் டாக்டரிடம் இதைக் கேளுங்கள்.

மஞ்சள் பச்சையில் நுரை நுரையாக வருகிறது. சிறுநீர் போகும்போது எரிகிறது.

டிரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணியாக இருக்கலாம். உடலுறவில் பரவுவது. ஆணுக்குப் பெரும்பாலும் எந்த அறிகுறியும் இருக்காது, அதனால் துணைக்கும் ஒரே நேரத்தில் சிகிச்சை கட்டாயம். இருவரும் மருந்தை முடித்து அறிகுறி நீங்கும்வரை உறவு வேண்டாம். கொனோரியா, கிளமிடியா, சிஃபிலிஸ், எச்.ஐ.வி. பரிசோதனைகளையும் அப்போதே செய்துவிடுங்கள். கிளமிடியா பல பெண்களுக்கு ஓசையே இல்லாமல் இருந்துவிட்டு, கருக்குழாயைக் கெடுத்துவிடும்.

உள்ளே எதை வைத்துக் கழுவலாம்?

எதையும் வைத்து வேண்டாம். வெளிப்பக்கத்தை வெறும் தண்ணீரால் கழுவினால் போதும். யோனி தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும், அந்த வெள்ளைப்படுதலே அதற்குத்தான். உள்ளே தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவதும் வாசனை திரவம் ஊற்றுவதும் நல்ல பாக்டீரியாக்களை அடித்து விரட்டும். அப்புறம் வாடை இன்னும் கூடும், இன்னும் கழுவத் தோன்றும். அந்தச் சுழலில் மாட்டாதீர்கள்.

இது எட்டாவது மாதம். திடீரென்று ரொம்பத் தண்ணியாக வருகிறது. வெள்ளைப்படுதலா, பனிக்குட நீரா?

கர்ப்பத்தில் வெள்ளைப்படுதல் கூடுவது இயல்பு. ஆனால் எட்டாம் மாதத்தில் "தண்ணியாக" என்ற வார்த்தையைக் கேட்டால் நான் வீட்டில் இருந்து யோசிக்கச் சொல்ல மாட்டேன். சுத்தமான பேட் ஒன்றை வைத்துக்கொண்டு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள், அந்தப் பேடையே அவர்களிடம் காட்டலாம். பனிக்குட நீர் சிறுநீர் போல அடக்கினால் நிற்காது, எழுந்து நின்றால் மேலும் கசியும். நிறம் பச்சை அல்லது பழுப்பாக இருந்தாலோ, ரத்தம் வந்தாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம். கர்ப்பத்தில் பூஞ்சைத் தொற்று வந்தால் ஃப்ளூகோனசோல் மாத்திரையை நீங்களாக விழுங்காதீர்கள். உள்ளே வைக்கும் மருந்துதான் கொடுப்பார்கள்.

வயது 57. பீரியட்ஸ் நின்று ஆறு வருடம். போன வாரம் ஒரே ஒருநாள் பழுப்பாகப் பட்டது. அப்புறம் இல்லை. விட்டுவிடலாமா?

விடாதீர்கள் அம்மா. பழுப்பு என்றால் பழைய ரத்தம். பீரியட்ஸ் நின்று ஒரு வருடத்துக்குப் பிறகு ஒரு சொட்டு பட்டாலும், ஒரே ஒரு முறை என்றாலும் பார்த்தே ஆக வேண்டும். இப்படி வருபவர்களில் பத்தில் ஒன்பது பேருக்குச் சுவர் மெலிந்து உலர்ந்துபோவது, சின்னச் சதை வளர்ச்சி போன்ற காரணம்தான். பத்தில் ஒருவருக்குக் கர்ப்பப்பை உட்சுவரில் புற்றுநோய் இருக்கும். இந்த ரத்தத்தை மதித்து உடனே வந்தவர்களுக்குப் பெரும்பாலும் ஆரம்பத்திலேயே பிடித்துவிடுகிறோம். இந்த வாரமே போங்கள். மகளையோ மருமகளையோ துணைக்குக் கூட்டிக்கொள்ளுங்கள்.

42 வயது. தண்ணீர் போல, லேசாக ரத்தம் கலந்து, நாற்றத்தோடு வருகிறது. உறவுக்குப் பிறகும் ரத்தம் படுகிறது. வயிற்று ஸ்கேன் நார்மல் என்றார்கள்.

ஸ்கேன் நார்மல் என்பதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். கர்ப்பப்பை வாயில் உள்ள புண்ணும் ஆரம்பக் கட்டப் புற்றும் வயிற்று ஸ்கேனில் தெரியாமல் போகலாம். யோனியை விரித்துக் காட்டும் ஸ்பெக்குலம் என்ற கருவியை வைத்துக் கண்ணால் பார்க்க வேண்டும், தேவைப்பட்டால் சிறு துணுக்கு எடுத்துச் சோதிக்க வேண்டும். காரணம் வெறும் அழற்சியாகவும் இருக்கலாம், ஆனால் அதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

அறிகுறியே இல்லாதவர்களுக்கும் சொல்கிறேன்: 30 வயதிலிருந்து 5 முதல் 10 வருடத்துக்கு ஒருமுறை, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் எச்.பி.வி. வைரஸுக்கான பரிசோதனை செய்துகொள்ள உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

காப்பர் டி போட்டு இரண்டு வாரம். வெள்ளைப்படுதல் கூடியிருக்கிறது, அடிவயிறு வலிக்கிறது, நேற்றிலிருந்து காய்ச்சல்.

இன்றே போங்கள். வெள்ளைப்படுதல் கூடுவது மட்டும் என்றால் பொறுக்கலாம். அடிவயிற்று வலியும் காய்ச்சலும் சேர்ந்தால் தொற்று கர்ப்பப்பைக்கு மேலே ஏறியிருக்கலாம்.

இன்னும் கல்யாணமாகவில்லை. வாடையும் அரிப்பும் இருக்கிறது. டாக்டர் உள்ளே கருவி வைத்துப் பார்ப்பாரோ என்ற பயத்தில் மூன்று மாதமாகப் போகவில்லை.

இதுவரை உடலுறவு இல்லை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஸ்பெக்குலம் இல்லாமல், மெல்லிய பஞ்சுக் குச்சியால் வாசலிலிருந்தே தொட்டெடுக்க முடியும். பல இடங்களில் குச்சியை உங்கள் கையில் கொடுத்து நீங்களே எடுத்துத் தரச் சொல்வார்கள். ஒரு நிமிட வேலை, வலிக்காது. பி.எச். தாளில் தடவுவார்கள், நிறம் மாறுவதை நீங்களே பார்க்கலாம்.

போவதற்கு முந்தைய நாளிலிருந்து க்ரீம் எதுவும் தடவாதீர்கள், உள்ளே கழுவாதீர்கள். பீரியட்ஸ் இல்லாத நாளாகப் பாருங்கள். அறைக்குள் ஒரு நர்ஸ் உடன் இருக்க வேண்டும் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. எந்த நிமிடத்திலும் "நிறுத்துங்கள்" என்று சொல்லலாம். வாயால் சொல்ல வரவில்லையென்றால் எத்தனை நாளாக, என்ன நிறம், வாடை, அரிப்பு, கடைசி பீரியட்ஸ் தேதி, போட்ட மருந்து எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, நுழைந்தவுடன் நர்ஸிடம் நீட்டிவிடுங்கள். அப்படி மடித்த தாள்களை நான் நிறைய வாங்கியிருக்கிறேன். வாங்கிப் படித்துவிட்டு, முதலில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்வேன்.